ஐயனார் காத்த விதை

பாண்டிச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள், ஊரெல்லை தாண்டியதும் இடப் பக்கம் ஒரு செம்மண் மேட்டைக் காண்பார்கள். இன்று அதன்மேல் கண்ணுக்கெட்டியவரை மரம். 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில் நகரத்துக்குக் கால்கோள் செய்தபோது அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. ஓர் ஆலமரம், ஆங்காங்கே பனை, மற்றதெல்லாம் பொட்டல். மழை பெய்தால் மேல்மண் கரைந்து, மேட்டைக் குடைந்துகொண்டு, இரத்தம் போலக் கடலுக்கு ஓடிற்று.

அந்தப் பொட்டலிலும் ஒரு காலத்தில் காடு இருந்தது. அதுவும் சாதாரணக் காடல்ல. நம்முடைய கீழைக் கடற்கரையை ஒட்டி, ஆந்திரத்தின் தென்பகுதி தொடங்கி இராமநாதபுரம் வரையில் ஒரு குறுகிய பட்டையாக நீண்டிருந்த காடு அது. வருஷத்தில் ஆறு மாதம் மழை மிகக் குறைவான பூமி. அப்படிப்பட்ட இடத்து மரங்கள் கோடையில் இலை உதிர்ப்பதுதானே வழக்கம்? இவை உதிர்ப்பதில்லை. தடித்துப் பளபளக்கும் சிறு இலைகளுடன் சித்திரை வெயிலிலும் கரும்பச்சையாக நிற்கும். சாம்பியன் என்ற ஆங்கிலேய வன அதிகாரி 1936-இல் இந்தியக் காடுகளைத் தரம் பிரித்து எழுதியபோது இதற்கு உலர் பசுமைமாறாக் காடு என்று தனி இனமே ஒதுக்கினார். வீரை, காயா, உலக்கைப்பாலை, கருங்காலி என்பவை இதன் மரங்கள். காயாம்பூவைச் சங்கப் புலவர்கள் முல்லை நிலத்தில் வைத்துப் பாடினார்கள். அந்தப் பூவைக் கண்ணால் பார்த்த தமிழாசிரியர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

காடு எங்கே போயிற்று என்று கேட்டால் ஒரு வில்லனைக் காட்ட முடியாது. விறகாகவும் கரியாகவும் நகரத்துக்குப் போயிற்று. ஏர்க்காலாகவும் உத்தரமாகவும் வீட்டுக்கு வந்தது. மிஞ்சிய துளிரை ஆடு மேய்ந்தது.

ஆரோவிலுக்கு வந்தவர்கள் முதலில் செய்த நல்ல காரியம், மரத்தை நினைக்குமுன் மழையை நினைத்தது. வரப்புப் போட்டார்கள், ஓடைகளைக் குறுக்கே மறித்தார்கள். பிறகு எது சீக்கிரம் வளருமோ அதை நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, கத்தி போல் வளைந்த இலையுள்ள ஒரு வேலமரம் முன்னணியில் நின்றது. ‘உழைப்பு’ என்று பொருள்படும் பெயரொன்றையும் அதற்குச் சூட்டினார்கள். பெயருக்கேற்ப அது உழைத்தது. பொட்டலுக்கு நிழல் வந்தது. சருகு விழுந்து மண்ணாயிற்று. பழைய காட்டின் கன்றுகளை நட இடம் தயாராகிவிட்டது. விதைக்கு எங்கே போவது?

வேம்புக்கும் புங்கனுக்கும் விதை தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. வீரைக்கு வியாபாரி உண்டா? அது விற்ற சரக்கல்ல. காடே போன பின் தாய்மரம் எங்கே நிற்கும்?

கோயிலில் நின்றது. அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். அதைச் சுற்றிலும் உள்ள காட்டில் வெயில் தரையைத் தொடச் சிரமப்படும். கயிறாகத் திரண்ட கொடிகள் மரத்துக்கு மரம் தாவும். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத் தாவரவியலார் அங்குள்ள மரங்களையும் கொடிகளையும் அளந்து, எண்ணி, எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் போன்ற கோயில் காடுகள், சில ஒரு வீட்டு மனை அகலமே உள்ளவை, கடலோர மாவட்டங்களில் இன்னும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் சுள்ளி ஒடித்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது கட்டு.

மூட நம்பிக்கை என்று இதைச் சிரிப்பவர்கள் உண்டு. முன்னோர் ஞானம் என்று புல்லரிப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் முழுச் சம்மதமில்லை. அடுப்புக்கு விறகில்லாத ஒருத்தி, எதிரே உலர்ந்து தொங்கும் கிளையைப் பார்த்துவிட்டு, இரண்டு மைல் தள்ளிப்போய் முள் பொறுக்கி வந்திருக்கிறாளே, அந்தக் கணக்கை யாரும் எழுதவில்லை. அவள் பயந்தாளோ, பக்தி செய்தாளோ, விலை கொடுத்தவள் அவள்.

இந்தக் காடுகளிலிருந்துதான் விதை வந்தது. 1973-இல் ஆரோவிலில் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடும், அதைப் போன்ற மற்ற நாற்றுப்பண்ணைகளும் இப்படி எழுந்தவையே. வேலை சொல்ல எளிது, செய்யக் கடினம். நெல்லைப் போலக் குதிரில் கொட்டி அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ள இந்த விதைகளிற் பல சம்மதிப்பதில்லை. பழம் பழுக்கும் சில வாரங்களில் ஆள் அங்கே இருக்க வேண்டும். சதையைக் கழுவி, நிழலில் வைத்து, தாமதமின்றி மண்ணில் இட வேண்டும். காய்ந்தால் கரு செத்துவிடும். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரவும் கூடாது, சின்னானுக்கும் மரநாய்க்கும் பங்கு உண்டு. அவைதாம் கூலியில்லாமல் விதைப்பவை. ஒரே மரத்தில் பொறுக்கினால் வரும் காடு முழுவதும் உடன்பிறந்தவையாகிவிடும். ஆகையால் பல மரம், பல கோயில் என்று அலைய வேண்டும். முளைத்த பிறகாவது அவசரம் காட்டுமா? சப்போட்டா ஒட்டுக் கட்டுகிறவர்களைக் கேளுங்கள். உலக்கைப்பாலைக் கன்றில்தான் ஒட்டுவார்கள். அது பென்சில் கனம் பெற இரண்டு வருஷம் ஆகும் என்பார்கள். ஒரே பருவத்தில் லட்சம் கன்று என்று இலக்குப் போடும் திட்டங்களில் இந்த மரத்துக்கு ஏன் இடம் கிடைப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ஆரோவிலில் உழைப்பு மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. அவற்றின் நிழலில் வளர்ந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் தாக்குப் பிடித்தன. இந்தக் கடற்கரையின் புயல்களோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஜாதி அல்லவா? அதே வருஷம் ஜனவரியில், சென்னையில் அடையாற்றுக் கழியை ஒட்டி, குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைப் பூங்காவாக்கித் திறந்திருந்தார்கள். அங்கே நட்டவற்றிலும் இந்தக் கடற்கரைக் காட்டு இனங்கள் உண்டு. பிச்சாண்டிக்குளத்தார் அந்த வேலையில் முக்கியப் பங்கு கொண்டார்கள்.

இதற்கிடையே கோயில்களுக்குக் கூட்டம் பெருகிவிட்டது. கூட்டம் வந்தால் மண்டபம் வேண்டும், சிமெண்டுத் தளம் வேண்டும், கார் நிற்க இடம் வேண்டும். ஐயனார் திறந்த வெளியில், கொடி படர, மழையில் நனைந்துகொண்டு நிற்பது பக்தர்களுக்கே பொறுக்கவில்லை. விறகுக்குப் பஞ்சமிருந்த நாளில் சுள்ளியைத் தொடாத ஊர், காஸ் அடுப்பு வந்த பிறகு திருப்பணிக்காக மரத்தையே எடுக்கிறது. சில இடங்களில் விதை எடுக்க அடுத்த வருஷம் போனால் தாய்மரம் இருப்பதில்லை. சென்னையிலுள்ள சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம், அழிந்துபோன பல கோயில் காடுகளில் ஊராரைக் கூட்டிக்கொண்டு நாட்டு மரங்களைத் திரும்ப நட்டிருக்கிறது. அந்தக் கன்றுகள் பாலிதீன் பைகளில் நாற்றுப்பண்ணையிலிருந்து ஐயனாருக்கு வண்டியேறிப் போகின்றன.