ஒளித்துப்பாக்கியின் விலையும் மதிப்பும்

ஈப்போவிலிருந்து பத்து காஜாவை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் லகாட். கிந்தா வெளியின் ஏனைய ஊர்களைப் போலவே ஈயத்தால் எழுந்து, ஈயத்தால் வாழ்ந்து, ஈயம் விலையிழந்தபோது அடங்கிய ஊர் அது. சுற்றிலும் நீர் தேங்கிய ஈயக் குட்டைகளும் வெண்மணல் மேடுகளும். அவற்றுக்கு அப்பால், முன்னாளில் பால்மரத் தோட்டங்கள். இத்தகைய ஊரின் பெயரோடு தொலைக்காட்சி விளையாட்டுப் பொறியொன்றின் வரலாற்றைச் சேர்த்துப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் காலம் அவ்விரண்டையும் ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

1985 அக்டோபர் 18ஆம் நாள், ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் தன் வீட்டு விளையாட்டுப் பொறியை நியூயார்க் நகரில் விற்பனைக்கு வைத்தது. அதனோடு ஓர் ஒளித்துப்பாக்கியும் வந்தது. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 24ஆம் நாள், அனைத்துலக ஈய மன்றம் கடனைத் தீர்க்க இயலாமல் கைவிரித்தது. இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வாணிகம் நின்றது. அடுத்த சில திங்களில் ஈயத்தின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இன்னொன்றும் கூறலாம். அக்கால மின்னணுப் பலகைகளில் உறுப்புகளைப் பொருத்திய பற்றாசு, ஈயமும் காரீயமும் கலந்தது. எந்த மண்ணின் ஈயம் எந்தப் பலகைக்குப் போயிற்று என்று பிரித்தறிதல் எவராலும் ஆகாது. ஆயினும் ஈயமின்றி அப்பொறி இல்லை என்பது உறுதி.

ஒளியால் சுடும் விளையாட்டு 1985இல் பிறந்ததன்று. 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் அத்தகைய பொறியைச் செய்தது. துப்பாக்கியிலிருந்து ஒளிக்கதிர் புறப்படும். ஓடும் பொம்மை வாத்தின் உடலில் பதித்த ஒளியுணர் குழல் அதனைப் பெற்றுக்கொள்ளும். வாத்து வீழ்ந்ததாகக் கணக்கு ஏறும். 1970இல் நிண்டெண்டோ இதே முறையில் வீட்டுப் பொம்மைகளை வெளியிட்டது. அவற்றை ஆக்கியவர் குன்பெய் யோக்கோய். ஒளியுணர் கருவியைக் கொண்டுவந்தவர், அப்போது ஷார்ப் நிறுவனத்தில் இருந்த மசாயுக்கி உயெமுரா. 1973இல் அந்நிறுவனம் கைவிடப்பட்ட பந்துருட்டுக் கூடங்களை ஒளிச்சுடு களங்களாக மாற்ற முனைந்தது. அவ்வாண்டே எழுந்த எண்ணெய் நெருக்கடி அம்முயற்சியை முறித்தது. பின்னர் உயெமுராவே நிண்டெண்டோவுக்கு வந்து, பெயர்பெற்ற வீட்டுப் பொறியை வடிவமைத்தார். வாத்து வேட்டை விளையாட்டு 1984இல் ஜப்பானில் வெளிவந்தது.

இதன் செயல்முறையைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. பிற்காலத்து விலைச் சிக்கல் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. துப்பாக்கி சுடுவதாகத் தோன்றினும் அது எதனையும் வெளியிடுவதில்லை. அது பார்க்கும் கண். விசையை இழுத்ததும் திரை முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கறுத்துப் போகிறது. அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெண்கட்டம் ஒன்று ஒளிர்கிறது. இருளையடுத்து ஒளியைக் கண்டால் குறி தப்பவில்லை என்பது பொருள். இரண்டு வாத்துகள் பறந்தால் வெண்கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். எந்தக் கணத்தில் ஒளி கிட்டியதோ அதனைக் கொண்டு எந்த வாத்து என்று பொறி அறிந்துகொள்ளும். விளக்கை நோக்கிச் சுட்டு ஏமாற்ற நினைக்கும் சிறுவனை, முதலில் வரும் அந்த இருட்டு பிடித்துவிடும்!

இது படக்குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே நிகழக்கூடியது. படக்குழாயில் மின்னணுக் கற்றை வினாடிக்குப் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளை வரைகிறது. துப்பாக்கியின் உள்ளமைப்பு அத்துடிப்புக்கே இசைந்தது. இக்காலத் தட்டைத் திரைகளில் அத்துடிப்பு இல்லை. படமும் சற்றே தாழ்ந்து வருகிறது. துப்பாக்கி குருடாகிவிடுகிறது.

நம் நாட்டில் 1963ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கிற்று. வண்ண ஒளிபரப்பு 1978இல் வந்தது. தோட்டங்கள் பலவற்றில் மாலை சில மணி நேரமே மின்சாரம் ஓடிய காலமும் இருந்தது. இந்நிலையில் நிண்டெண்டோவின் சொந்தப் பொறி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டாக் கனி. எட்டியது, தைவானிலிருந்து வந்த மைக்ரோ ஜீனியஸ் போன்ற ஒப்புப் பொறிகள். ஒரே பேழையில் நூறு விளையாட்டுகள் என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் பெயர் மாறிய அதே விளையாட்டு பத்து முறை வரும். ஆயினும் வாத்து வேட்டை அவற்றுள் ஒன்றாக இருந்தது, துப்பாக்கியும் கிடைத்தது. மலேசியச் சிறுவர் பலர் அறிந்த ஒளித்துப்பாக்கி இதுவே.

தோட்டத்து முதியோருக்குத் துப்பாக்கி என்ற சொல் இனித்திருக்க நியாயமில்லை. 1948 சூன் 16ஆம் நாள் இதே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நெகிழித் துப்பாக்கியை ஏந்தி வாத்து சுட்டனர் என்பது வரலாற்றின் ஒரு திருப்பம். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கிகளையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இதனை இன்று பழம்பொருள் சேர்ப்போர் நினைவில் கொள்ளல் வேண்டும். ஒப்புப் பொறிகளோடு வந்த துப்பாக்கிகளுள் பல, உண்மைக் கைத்துப்பாக்கியை அச்சொட்டாக ஒத்தவை. நிண்டெண்டோவே ஜப்பானில் கைத்துப்பாக்கி வடிவில் விற்றதை அமெரிக்காவுக்கு விண்வெளிக் கருவிபோல் மாற்றிச் சாம்பல் நிறத்தில் அனுப்பியது. போலித் துப்பாக்கிகளுக்கு அங்கு விதி கடுமையானபின் செம்மஞ்சளாக்கியது. இந்நிற வேறுபாடே இன்று சேர்ப்போர் காலம் கணிக்கும் அடையாளங்களுள் ஒன்று.

இனி விலை. 2021ஆம் ஆண்டு சூலையில், உறை பிரிக்கப்படாத விளையாட்டுப் பேழையொன்று அமெரிக்க ஏலத்தில் 1.56 மில்லியன் டாலருக்குப் போயிற்று. அது மாரியோ விளையாட்டு, ஒளித்துப்பாக்கிக்கு உரியதன்று. அச்செய்தியைப் படித்துவிட்டுப் பரணில் கிடக்கும் பேழையைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். வாத்து வேட்டை, பொறியோடு சேர்த்தே வழங்கப்பட்டமையால், 28 மில்லியனுக்கும் மேற்பட்ட படிகளாக உலகில் பரவியது. எங்கும் கிடைப்பதற்கு எவர் பெருவிலை தருவார்? அட்டைப்பெட்டி, கையேடு, கிழியாத ஒட்டுத்தாள், மஞ்சள் பாரிக்காத நெகிழி ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்தால்தான் விலை ஏறும். பெட்டி முதலில் குப்பைக்குப் போகும் பொருள்; ஆதலால் பொறியைவிடப் பெட்டி அரிதாகிவிடுகிறது.

ஒப்புப் பொறிகளை வெளிநாட்டுச் சேர்ப்போர் போலி என்று தள்ளுவர். அவர்கள் அளவுகோலில் அது சரியே. ஆனால் அவ்வளவுகோலை இங்கே அப்படியே கொண்டுவந்து வைப்பது பிழை. மலேசியத் தோட்டத்து வீட்டில் உண்மையில் இருந்தது எதுவோ அதுவே அவ்வீட்டின் சான்று. நியூயார்க்கில் வாங்கிய மாசற்ற சாம்பல் நிறத் துப்பாக்கி கிந்தாவைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது. கம்பி ஒட்டிய, விசை தளர்ந்த, பெயரற்ற கறுப்புத் துப்பாக்கி நிறையக் கூறும். அதுவும், எந்த ஆண்டு, எந்தச் சந்தையில், எத்தனை வெள்ளிக்கு, எந்தத் தோட்டத்து வீட்டுக்கு வாங்கியது என்பது எழுதி வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே. அக்குறிப்பு இல்லாதபோது அது வெறும் நெகிழி.

ஈயத்தின் வரலாற்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தஞ்சோங் துவாலாங்கில், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த ஈயக் கப்பல் நிற்கிறது. கம்பாரில் ஈயச் சுரங்கக் காட்சிக்கூடம் 2012இல் திறக்கப்பட்டது. ஈயம் போனபின், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின், மக்கள் மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தபோது கையில் எடுத்துச் சென்றவையும் விட்டுச் சென்றவையும் இன்னும் எந்தக் கூடத்துக்கும் உரியவையாகக் கருதப்படவில்லை. பழம்பொருள் விற்கும் பாசார் காராட் சந்தைகளில் துப்பாக்கிகள் இப்போதும் எப்போதாவது தென்படும்; எளிதில் கெட்டுப்போகாதவை அவை. அவற்றோடு இணைந்து வேலை செய்த படக்குழாய்த் தொலைக்காட்சிதான் கிடைப்பதில்லை. கனமானது, இடத்தை அடைப்பது, வாங்குவார் இல்லாதது. பழைய இரும்புக்காரரின் வண்டியில் முதலில் ஏறியது அதுவே.