ஏலக்காயும் பொன் துகளும்: கிருமி காணும் முறையின் வரலாறு

இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம் ஏலத்தோட்டங்களின் ஊர். தேனி மாவட்டத்திலிருந்து குமுளி வழியே மலையேறும் தமிழ்த் தொழிலாளர்கள் பறிக்கும் காய், உலர்கூடத்தில் காய்ந்து, புற்றடி, போடிநாயக்கனூர் ஏலங்களைக் கடந்து அயல்நாடுகளை அடைகிறது. அப்பயணத்தைத் தடுத்து நிறுத்த ஒரு நுண்ணுயிர் போதும்: சால்மொனெல்லா. உலர்ந்த நறுமணப் பொருளில் அது பெருகுவதில்லை. ஆயினும் மாதக்கணக்கில் உயிர்வாழும். 25 கிராம் மாதிரியில் அது அறவே இருத்தலாகாது என்பது விதி.

இக்கடுமைக்குக் காரணம் உண்டு. 1993இல் ஜெர்மனியில் மிளகாய்ப்பொடி தூவிய உருளைக்கிழங்கு வறுவலால் ஏறத்தாழ 1,000 பேர் நோயுற்றனர், பெரும்பாலோர் சிறுவர். அவர்கள் உண்ட ஒரு பங்கில் சில பத்துக் கிருமிகளே இருந்தன என ஆய்வாளர் கணித்தனர்.

இக்கிருமியை அமெரிக்காவில் 1885இல் பன்றிகளிடமிருந்து பிரித்தெடுத்தவர் தியோபால்ட் ஸ்மித். ஆனால், அவருடைய தலைவர் டேனியல் சால்மனின் பெயரே அதற்கு நிலைத்தது. அன்று முதல் ஊடகத்தில் வளர்த்துக் காண்பதே அடிப்படை முறை. முடிவு உறுதியாக நான்கைந்து நாள்கள் ஆகும். கிராம்பு, பட்டை போன்றவை தாமே கிருமிகளின் வளர்ச்சியை ஒடுக்குவதால், அவற்றைப் பன்மடங்கு நீர்த்த பின்னரே சோதிக்க இயலும்.

மாற்றுவழி பொன்னிலிருந்து வந்தது. மீநுண் பொன் துகள் கலந்த நீர்மம் செந்நிறம் காட்டுவதை மைக்கேல் ஃபாரடே 1857இல் ஆராய்ந்தார். 1971இல் ஃபால்க், டெய்லர் இருவரும் அத்துகள்மீது எதிர்ப்பொருளைப் படியவைத்து, மின்னணு நுண்ணோக்கியில் ஓர் உயிரணுவின் மேற்பரப்பை அடையாளம் கண்டனர். அவ்வுயிரணு சால்மொனெல்லாவே. இன்றைய சோதனைப் பட்டைகளில் சில நிமிடங்களில் தோன்றும் சிவப்புக் கோடு அந்த மரபின் தொடர்ச்சி.

எனினும், பட்டையில் கோடு தெளிய ஒரு மில்லிலிட்டரில் பல்லாயிரம் கிருமிகளேனும் வேண்டும். நோய்க்கோ சில பத்தே போதும். எனவே மாதிரியை முதலில் ஊடகத்தில் இட்டுக் கிருமியைப் பெருக்கும் கட்டத்தை மீநுண் உணரி இன்னும் நீக்கிவிடவில்லை. அது பெரிதும் குறைப்பது அதற்குப் பிந்தைய காத்திருப்பை.

அக்குறைவும் அற்பமன்று. பல தோட்டத்துக் காய்கள் ஒன்றாய்க் கலந்தபின் துறைமுகத்தில் குறை தெரிந்தால், அது எந்த உலர்கூடத்தில், எந்த நீரால் நேர்ந்ததென அறிவது அரிது. இழப்பின் சுமையோ விளைவித்தவர் வரை இறங்கும். சோதனை மலையிலேயே நிகழுமாயின் குறையை அதன் பிறப்பிடத்திலேயே களையலாம். உணரி எத்துணை நுண்ணியது என்பதைவிட, அது யார் கையில், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே இவ்வரலாற்றின் அடுத்த வினா.