ஒரு கைதியின் கையெழுத்துப் பிரதி

அந்தரங்க உரிமை என்றதும் இன்று நமக்கு ஆதாரும் கைப்பேசியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவ்வுரிமைக்கு இந்தியச் சட்டத்தில் தெளிவான உருவம் தந்த வழக்குகளுள் ஒன்றுக்குக் கணினியோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. அதன் வேர் தென்சென்னையில் இருக்கிறது.

திருவான்மியூர்க் கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், 1991இல் சிறையில் தன் வரலாற்றைச் சுமார் 300 பக்கங்களில் எழுதியதாகவும், உயர் அதிகாரிகளோடு தனக்கிருந்த உறவை அதில் விவரித்ததாகவும் கூறப்பட்டது. அதை வெளியிட ‘நக்கீரன்’ முன்வந்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவர், அது பொய்யானது, வெளியிடலாகாது என்று கடிதம் எழுதினார். ஆசிரியர் ராஜகோபால் உச்சநீதிமன்றத்தை அணுகினார்.

1994 அக்டோபர் 7ஆம் நாள் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, இரண்டு கோட்பாடுகளை ஒருசேர நிறுவியது. தனிமனிதனுக்குத் தன்னைத் தன்போக்கில் விட்டுவிடக் கோரும் உரிமை உண்டு. குடும்பம், திருமணம் போன்றவற்றை அவன் இசைவின்றி வெளியிடலாகாது. ஆனால் பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கு இத்தடை பொருந்தாது. தம் பெயர் கெடுமென அஞ்சும் அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கவும் முடியாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தபோது, இத்தீர்ப்பும் அவர்களின் பரிசீலனையில் இருந்தது.

அந்தச் சமநிலை இப்போது தளர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தியது. பொதுநலன் கருதித் தனிநபர் தகவலை வெளியிட வகைசெய்த சொற்கள் அப்பிரிவிலிருந்து நீங்கின. 8(2) பிரிவு எஞ்சியிருக்கிறது என்பதே ஆறுதல்.

இங்கேதான் சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி மையங்களை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றை வளர்த்தெடுக்கும் கடமையை 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 4ஆம் பிரிவு விதிக்கிறது. கடன் செயலியால் மிரட்டப்படும் மயிலாப்பூர்ப் பெண்ணும், தியாகராய நகர் நடைபாதை ஒப்பந்தம் யாருக்குப் போயிற்று என்று கேட்கும் முதியவரும் ஒரே மேசைக்கு வரலாம். முன்னவருக்கு அந்தரங்கம் கேடயம். பின்னவருக்கு அதே சொல் பூட்டாகிவிடக்கூடும். இருவருக்கும் மனு எழுதிப் பழகும் மாணவனுக்குத்தான் 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு முழுமையாக விளங்கும். கல்லூரிகள் தனித்தனியே இயங்காமல் இம்மனுக்களையும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களையும் பகிர்ந்துகொண்டால், அச்சொல் எங்கெல்லாம் பூட்டாகிறது என்பதற்கு ஆவணச் சான்று சேரும். நீதிமன்றம் கேட்பதும் அதைத்தான்.