ஒரு வேலி போதாது

மீமிசல் கடற்கரையில் படகுகள் கரைசேரும் காலை வேளையில் அண்ணாந்து பார்த்தால், செம்பருந்து வட்டமிடாத நாள் அரிது. வலையிலிருந்து கழித்துப் போடும் சிறுமீனை நகங்களால் பற்றிக்கொண்டு அது தென்னையின் உச்சிக்குப் பறந்துவிடும். பனிக்காலத்தில் விரால் அடிப்பானும் பூனைப்பருந்தும் வடபுலங்களிலிருந்து இக்கரைகளுக்கு வந்து சேர்கின்றன. இவை என்றும் இங்கே இருக்கும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் கழுகுகளின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

திருக்கழுக்குன்றத்து மலையில் நண்பகல்தோறும் இரண்டு வெண்கழுகுகள் வந்து அமுதுண்டு செல்லும் காட்சியைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்டார்கள். ஊரின் பெயரிலேயே கழுகு குடியிருக்கிறது. ஆயினும் 1990களோடு அந்த வருகை நின்றுபோயிற்று. அதே காலத்தில் இந்தியா முழுவதிலும் பிணந்தின்னிக் கழுகுகள் மடியத் தொடங்கின. வெண்முதுகுக் கழுகு 1992க்கும் 2007க்கும் இடையே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. கால்நடைகளுக்கு வலி தீர்க்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊனோடு கழுகின் உடலில் சேர்ந்து, அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இவ்வுண்மை 2004இல் வெளியாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதை இந்திய அரசு தடை செய்தது.

அப்பேரழிவில் தென்னகத்துக் கழுகுகள் எங்கே எஞ்சின? மருந்து கலவாத காட்டு விலங்குகளின் ஊன் கிடைத்த இடத்தில்தான். முதுமலை 1940இலேயே சரணாலயமாயிற்று. பந்திப்பூர் 1973இல் புலிகள் காப்பகமாயிற்று. வயநாடு 1973இலும், சத்தியமங்கலம் 2008இலும் காப்பின் கீழ் வந்தன. இவையெல்லாம் எல்லையோடு எல்லை தொட்டுக் கிடக்கின்றன. மாயாற்றங்கரை நீர்மருது மரத்தில் கூடு கட்டும் கழுகு, இரை தேடி ஒரே நாளில் பல பத்து மைல் பறக்கக்கூடியது. மாநில எல்லையை அது அறியாது. 2023 டிசம்பரில் தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில் 320 கழுகுகள் காணப்பட்டன. தனியொரு காடு இவற்றைக் காத்திருக்க இயலாது. ஒன்றோடொன்று கைகோத்த காடுகளே காத்தன.

இன்று தட்பவெப்பமே மாறிவருகிறது. சரணாலயத்தின் எல்லைக்கல் நட்ட இடத்தில் நிற்கும். மழையும் வெப்பமும் இரையும் அவ்வாறு நிற்பதில்லை. மாயாறு வறண்டால் கரைமருதும் பட்டுப்போகும். அப்போது பறவைக்குப் போக்கிடம் வேண்டும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறியதை நம் மாவட்டம் மறக்கவில்லை. வீடிழந்தவர்களையும், ஒரே இரவில் தென்னந்தோப்பை இழந்தவர்களையும் நாம் ஆறுதல் சொல்லித் தேற்றினோம். 1967இல் சரணாலயமாகிய கோடியக்கரையிலும் அன்றிரவு மரங்கள் வேரோடு சாய்ந்தன, வெளிமான்கள் மடிந்தன. அங்கே அடைந்திருந்த பறவைகளை எண்ணியவர் நம்மில் எத்தனை பேர்? அவற்றுக்கும் அன்று வேறொரு வீடு தேவைப்பட்டது.

அந்த இரண்டாவது வீடு மெல்ல உருவாகி வருகிறது எனலாம். தெற்கே மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு 2022இல் கடற்பசுவுக்கெனக் காப்பகமாயிற்று. கடற்பசு மேயும் கடற்புல்லில்தான் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. மீன் பெருகினால் கடற்கழுகும் பசியாறும். ஒன்றைக் காக்க எழுந்த வேலி மற்றொன்றுக்கும் நிழலாகிறது.

இவ்விரண்டு காப்பிடங்களுக்கும் நடுவே, எந்த வேலிக்குள்ளும் அடங்காமல் கிடக்கிறது நம் மீமிசல். வடக்கிலிருந்து தெற்கே செல்லும் பறவை இவ்வழியே பறந்தாக வேண்டும். அதற்கு இடையில் இளைப்பாற ஓர் உயர்ந்த மரமும், நஞ்சு கலவாத நீரும், மீனுள்ள கழிமுகமும் போதும். அவற்றைத் தருவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. கஜாவுக்குத் தப்பிய முதுமரத்தை விறகுக்கு விலைபேசுமுன், அதன் உச்சியை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம். அங்கே கூடிருந்தால், கழுகுகளுக்குக் காட்டத் தவறிய பரிவைப் பருந்துக்கேனும் நாம் காட்டியவர்கள் ஆவோம்.