தீர்ப்பா, ஆணையா? – 1979ஆம் ஆண்டு பிரிட்டன் தேர்தலும் எளிய வாக்காளரின் எதிர்வினையும்

ஒரு தேர்தலின் முடிவைக் குறிக்கத் தமிழிதழ்களில் 'மக்கள் தீர்ப்பு', 'மக்கள் ஆணை' என இரு தொடர்கள் வழங்கி வருகின்றன. பின்னது இலங்கைத் தமிழ் இதழ்களில் பெருவழக்கு. மொழிபெயர்ப்பாளர் பலர் இவ்விரண்டையும் ஒருபொருட்கிளவிகளாகக் கொண்டு, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை ஆள்கின்றனர். ஆயினும் தீர்ப்பு என்பது நடந்து முடிந்ததன்மேல் வழங்கப்படுவது. ஆணை என்பது இனி நடக்க வேண்டியதைக் குறித்து இடப்படுவது. வரலாற்றெழுத்தில் இவ்வேறுபாடு எத்துணை முதன்மையானது என்பதற்கு 1979ஆம் ஆண்டு பிரிட்டனில் நடைபெற்ற பொதுத்தேர்தல் தக்க சான்றாகும். அத்தேர்தலில் மார்கரெட் தாட்சரின் கன்சர்வேடிவ் கட்சிக்கு வாக்களித்த எளிய மக்கள் எதனைக் கருதி வாக்களித்தனர், புதிய அரசை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. வாக்கும் அதன் காரணமும்

1979 மார்ச் 28 அன்று ஜேம்ஸ் காலகன் தலைமையிலான தொழிற்கட்சி அரசு, 311க்கு 310 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் நாடாளுமன்ற நம்பிக்கையை இழந்தது. மே 3 அன்று நடைபெற்ற தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி 339 இடங்களையும் தொழிற்கட்சி 269 இடங்களையும் பெற்றன. வாக்கு விழுக்காடு முறையே 43.9, 36.9 ஆகும். இவ்வெண்கள் பல நூல்களில் காணப்படுபவையே. ஆனால் தொழிற்கட்சி 1974 அக்டோபர்த் தேர்தலில் பெற்றதைவிட 1979இல் சிறிதளவு கூடுதலான வாக்குகளைப் பெற்றுத் தோற்றது என்பது அவ்வளவாகச் சுட்டப்படுவதில்லை. கன்சர்வேடிவ் கட்சியின் வாக்குகளோ ஏறத்தாழ 1 கோடியே 5 லட்சத்திலிருந்து 1 கோடியே 37 லட்சமாக உயர்ந்தன. தொழிற்கட்சி தன் மொத்த வாக்கை இழக்கவில்லை; பிறரிடமிருந்தும், முன்பு வாக்களிக்காதவரிடமிருந்தும் திரண்ட வாக்குகள் எதிர்த்தரப்பை உயர்த்தின. மொத்தம் அவ்வாறாயினும் அதனுள் பெரும் இடப்பெயர்ச்சி நிகழ்ந்தது. மோரி நிறுவனத்தின் கணிப்பின்படி, தேர்ச்சி பெற்ற கைத்தொழிலாளரிடையே 1974 அக்டோபரில் 26 விழுக்காடாக இருந்த கன்சர்வேடிவ் ஆதரவு 1979இல் 41 விழுக்காடாயிற்று. தொழிற்கட்சியின் ஆதரவும் அப்பிரிவில் அதே 41 விழுக்காட்டுக்கு இறங்கியது. தொழிற்சங்க உறுப்பினருள் மூவரில் ஒருவர் கன்சர்வேடிவ் கட்சிக்கு வாக்களித்தனர் என்றும் அந்நிறுவனம் மதிப்பிட்டது.

இத்தொழிலாளர் அங்ஙனம் இடம் மாறியமைக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. ஊதிய உயர்வுக்கு 5 விழுக்காடு என அரசு விதித்த வரம்பு, அதனை எதிர்த்துச் சரக்குந்து ஓட்டுநரும் பொதுத்துறை ஊழியரும் 1979 சனவரியில் நிகழ்த்திய வேலைநிறுத்தங்கள், இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் குவிந்த குப்பை, லிவர்பூலில் அடக்கம் செய்யப்படாது காத்திருந்த உடல்கள் ஆகியன மக்கள் நினைவில் பதிந்தன. அக்காலம் 'அதிருப்தியின் குளிர்காலம்' எனப் பெயர் பெற்றது. சேக்சுபியரின் மூன்றாம் ரிச்சர்டு நாடகத் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட தொடர் இது. நாடகத்தில் அக்குளிர்காலம் கழிந்து கோடை வந்துவிட்டதாகவே பேச்சு அமைகிறது. இதழ்கள் பாதியை மட்டும் எடுத்து எதிர்ப்பொருளில் நிலைநிறுத்தின. சனவரி 10 அன்று வெளிநாட்டு மாநாடொன்றிலிருந்து திரும்பிய காலகன், நாட்டில் குழப்பம் பெருகுவதாக வெளியுலகினர் கருதமாட்டார்கள் என்ற கருத்துப்பட விடையிறுத்தார். மறுநாள் 'சன்' நாளிதழ், நெருக்கடியா, என்ன நெருக்கடி என்று அவர் கேட்டதுபோலத் தலைப்பிட்டது. அவர் கூறாத அச்சொற்களே இன்றளவும் அவருடையனவாக நினைவுகூரப்படுகின்றன. வாக்காளரின் தீர்ப்பில் ஒரு தலைப்புச் செய்தியின் ஆக்கமும் பங்கு கொண்டது எனலாம்.

இங்கு மற்றொன்றும் கருதத்தகும். பிரதமராக யார் தக்கவர் என்று வினவிய கணிப்புகளில் பரப்புரைக் காலம் முழுவதும் காலகனே தாட்சரை விஞ்சி நின்றார். மக்கள் அவரை விரும்பியவாறே அவருடைய அரசை நீக்கினர். ஒரு கொள்கையின்பால் மனம் மாறியோரின் செயலாக இதனைக் கொள்ளுதல் அரிது. ஆயினும் தோற்றவரும் அவ்வாறே கொண்டார் என்பது வியப்பு: முப்பதாண்டுக்கு ஒருமுறை நேரும் பெருமாற்றம் இது, அதற்குமுன் எவர் என்ன செய்தாலும் பயனில்லை என்று காலகன் தம் ஆலோசகர் பெர்னார்டு டொனக்யூவிடம் கூறியதைப் பலரும் எடுத்தாள்கின்றனர். தேர்தலுக்கு முன்பே, 1979 சனவரியில், 'தாட்சரியம்' என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்து ஸ்டூவர்ட் ஹால் எழுதிய கட்டுரையும் மக்களிடையே வலப்பக்கச் சாய்வொன்று வேரூன்றிவிட்டதாகவே கண்டது.

2. கட்சியின் பெயர் தரும் இடர்ப்பாடு

'கன்சர்வேடிவ்' என்பதைத் தமிழில் 'பழமைவாதக் கட்சி' எனப் பெயர்ப்பது வழக்கம். இப்பெயர்ப்பு அகராதி நோக்கில் பிழையன்று. ஆனால் 1979ஐ விளக்குவதற்கு இதனினும் தடையான சொல் வேறில்லை. தமிழில் பழமைவாதி என்றவுடன் சமயச் சடங்கிலும் குலவழக்கிலும் பற்றுடையவர், சீர்திருத்தத்தை மறுப்பவர் என்னும் உருவமே தோன்றுகிறது. ஆங்கிலச் சொல்லின் வரலாறு வேறு. 1818இல் சதோபிரியான் பிரெஞ்சு மொழியில் நடத்திய இதழின் பெயரோடு அரசியல் வழக்கிற்கு வந்த அச்சொல், 1830களில் இங்கிலாந்தில் கட்சிப் பெயராயிற்று. 1834இல் ராபர்ட் பீல் வெளியிட்ட டாம்வொர்த் அறிக்கையே, வேண்டிய சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டு நிலைபெற்றவற்றைக் காத்தல் என அதன் பொருளை வரையறுத்தது. பேச்சுவழக்கில் வாக்காளர் பெரிதும் ஆள்வது 'டோரி' என்பதையே. அயர்லாந்து மொழியில் கொள்ளையரைக் குறித்த வசைச்சொல் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கட்சிப் பெயராக மாறி, ஆதரிப்போரும் வெறுப்போரும் ஒருங்கே வழங்கும் சொல்லாக நிற்கிறது.

1979இல் காக்கப்பட வேண்டிய பழமை என்று ஒன்று இருந்தது எனின், அது 1945க்குப் பின் உருவான ஏற்பாடேயாகும்: முழு வேலைவாய்ப்பு, அரசுடைமைத் தொழில்கள், தொழிற்சங்கங்களோடு பேசி ஊதியம் வகுத்தல். அதனைக் காக்க முயன்றவர் காலகன். மாற்றம் வேண்டும் என்று முழங்கியவர் தாட்சர். 'பழமைவாதிகள் வென்றனர்' என்று எழுதும்போது, பழமைக்குத் திரும்ப மக்கள் விழைந்தனர் என்ற பிழைபட்ட கருத்து வாசகர்க்கு எட்டுகிறது. 'கன்சர்வேடிவ்' என ஒலிபெயர்த்தலே இவ்விடத்தில் நேரிது எனக் கருதுகிறேன். 'தொழிற்கட்சி' என்னும் பெயர்ப்பில் இத்தகைய சிக்கல் எழவில்லை.

எல்லா வாக்காளருக்கும் இது விலைவாசியும் வேலைநிறுத்தமும் பற்றிய தேர்தலாக அமையவில்லை. 1978 சனவரியில் தொலைக்காட்சி நேர்காணலொன்றில், வேற்றுப் பண்பாட்டினரால் மூழ்கடிக்கப்படுவோமோ என மக்கள் அஞ்சுவதாகத் தாட்சர் கூறினார். வெள்ளத்தைச் சுட்டும் அவ்வினைச்சொல் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியர், கரீபியர் இல்லங்களில் நெடுங்காலம் மறக்கப்படவில்லை. பஞ்சாபியர் மிகுந்து வாழும் சவுத்தாலில் 1979 ஏப்ரல் 23 அன்று, இனவெறிக் கட்சியான நேஷனல் பிரன்டின் தேர்தல் கூட்டத்தை எதிர்த்து நிகழ்ந்த கிளர்ச்சியில் பிளேர் பீச் என்னும் ஆசிரியர் தலையில் அடிபட்டு மாண்டார். வாக்களிப்புக்குப் பத்தே நாள்கள் இருந்தன. அப்பகுதி மக்களுக்குப் புதிய அரசு என்பது, வந்தபின் எதிர்வினையாற்றப்பட வேண்டிய ஒன்றாக அன்றி, வருமுன்பே அச்சந்தந்த ஒன்றாக இருந்தது. 1981இல் இயற்றப்பட்ட பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் அவ்வச்சத்தைத் தணிக்கவில்லை. ஸ்காட்லாந்திலோ 71 இடங்களுள் 44 தொழிற்கட்சிக்கே சென்றன. தாம் தேர்ந்தெடுக்காத அரசு தம்மை ஆள்கிறது என்னும் பேச்சு அங்கு ஆண்டுதோறும் வலுத்தது.

3. முதல் ஈராண்டுகள்

ஜூன் 7 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்கு நடந்த முதல் நேரடித் தேர்தலில் 81 இடங்களுள் 60ஐ ஆளுங்கட்சி வென்றது. எனினும் வாக்களித்தோர் மூவரில் ஒருவருக்கும் குறைவே. ஜூன் 12 அன்று நிதியமைச்சர் ஜெப்ரி ஹவ் அளித்த வரவு செலவுத் திட்டம் வருமான வரியின் அடிப்படை வீதத்தை 33 விழுக்காட்டிலிருந்து 30ஆகவும் உச்ச வீதத்தை 83இலிருந்து 60ஆகவும் குறைத்தது. அதுவரை 8, 12.5 என இருவகையாக இருந்த மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காடாக்கியது. ஊதியச் சீட்டில் கிடைத்தது கடையில் பறிபோயிற்று. 1979 மேயில் 10.3 விழுக்காடாக இருந்த பணவீக்கம் 1980 மேயில் 21.9 விழுக்காட்டைத் தொட்டது. வேலையற்றோர் தொகை 1982 சனவரியில் முப்பது லட்சத்தைக் கடந்தது.

இவற்றுக்கு மக்கள் காட்டிய எதிர்வினை ஒருமுகமானதன்று. 1980 மே 14 அன்று தொழிற்சங்கப் பேரவை அறிவித்த நாடு தழுவிய எதிர்ப்பு நாளுக்குப் பெருவாரியான உறுப்பினர் செவிசாய்க்கவில்லை; வேலைக்குச் சென்றனர். அதே ஆண்டு இயற்றப்பட்ட வீட்டுவசதிச் சட்டம், நகராட்சி வீடுகளில் மூன்றாண்டுகள் குடியிருந்தோர்க்கு அவற்றைக் குறைந்த விலையில் வாங்கும் உரிமை தந்தபோது, தொழிற்கட்சிக்கே வாக்களித்து வந்த குடும்பங்களும் விண்ணப்பித்தன. 1980களில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு கைமாறின. கொள்கையை ஏற்காமலே அதன் பயனை ஏற்கும் இந்நடத்தை கட்சிக்கணக்கு எதனுள்ளும் அடங்குவதில்லை. மறுபுறம் 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனிலும் ஜூலையில் டாக்ஸ்டெத்திலும் தெருக்கள் எரிந்தன. 1981 டிசம்பர் காலப் கணிப்பில் தாட்சர்பால் நிறைவு கொண்டோர் 25 விழுக்காட்டினர் மட்டுமே. அவருடைய கட்சிக்கு வாக்களிப்போம் என்றோர் 23 விழுக்காட்டினர்.

இதற்கு ஓராண்டு முன்பே, 1980 அக்டோபரில் பிரைட்டன் மாநாட்டில், பிறர் வேண்டுமாயின் திரும்பிக்கொள்ளட்டும், இப்பெண்மணி திரும்பமாட்டாள் என்று அவர் அறிவித்திருந்தார். ரொனால்டு மில்லர் எழுதித் தந்த அவ்வாக்கியம் கிறிஸ்டபர் பிரையின் 1948ஆம் ஆண்டு நாடகப் பெயரின்மேல் அமைந்த சொல்விளையாட்டு; ஓரெழுத்து மாற்றத்தால் 'எரித்தல்' 'திரும்புதல்' ஆகிறது. தமிழில் அவ்விளையாட்டைக் காத்தல் இயலாது. ஆணை பெற்றவரின் மொழி அது. ஓராண்டு கழித்துக் கணிப்பாளருக்கு விடையளித்தோரோ தீர்ப்பு வழங்குவோரின் மொழியிலேயே பேசினர்.

4. வினாவின் வாய்பாடு

எளிய வாக்காளர் தம் சொற்களை விட்டுச்செல்லும் இடங்கள் மிகச் சில. 1937இல் தோன்றி மக்களின் நாட்குறிப்புகளைத் திரட்டிய 'மாஸ் அப்சர்வேஷன்' அமைப்பு 1950களின் தொடக்கத்தில் அப்பணியைக் கைவிட்டது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அது மீண்டும் தொடங்கப்பட்டது 1981இல்தான். ஆகவே 1979க்குக் கருத்துக்கணிப்புகளே முதன்மைச் சான்று. அவையோ வினாவை இயற்றியவரின் சொற்களுக்குள் விடையை அடைப்பவை. 'தெரியாது' என்பது அவற்றில் ஓர் அறியாமை. நாட்டில் அது தயக்கமாகவும் மறுப்பாகவும் இருக்கக்கூடும்.

ஆயினும் ஒரே வினாவை ஆண்டுதோறும் மாற்றாது கேட்டால் அசைவு புலப்படும். 1983இல் தொடங்கிய பிரித்தானியச் சமூக மனப்பாங்கு ஆய்வு, வரியையும் செலவையும் குறைப்பதா, இப்போதுள்ளவாறே விடுவதா, வரியை உயர்த்தி மருத்துவம், கல்வி, சமூகநலம் ஆகியவற்றுக்குக் கூடுதலாகச் செலவிடுவதா என வினவியது. 1983இல் குறைக்க வேண்டும் என்றோர் 9 விழுக்காட்டினர். உயர்த்த வேண்டும் என்றோர் 32 விழுக்காட்டினர். தாட்சர் பதவி விலகிய 1990இல் முன்னவர் 3 விழுக்காடாயினர், பின்னவர் 54 விழுக்காடாயினர். இடையே அவர் மேலும் இரு தேர்தல்களில் வென்றிருந்தார். பால்க்லாந்துப் போரை அடுத்து வந்த 1983 வெற்றி 397 இடங்களைத் தந்தமையால் அதனை ஆங்கில இதழ்கள் நிலச்சரிவு என வருணித்தன. அக்கட்சி பெற்ற வாக்கு 42.4 விழுக்காடு, 1979இல் பெற்றதினும் குறைவு.