பரிமாறியவர் உரிமையாளரான வரலாறு

நாம் விரும்பிச் செல்லும் காப்பிக் கடை சில ஆண்டுகளில் மாறிவிட்டால் நம் மனம் வருந்துகிறது. நாற்காலி மாறியது, விலை ஏறியது, பழைய முகங்கள் மறைந்தன என்கிறோம். ஆனால், வெளித்தோற்றம் ஏறத்தாழ அப்படியே இருக்க, உடைமை மட்டும் முற்றிலும் கைமாறிய காப்பிக் கடையும் நம் நாட்டில் உண்டு. அதுவே இந்தியன் காப்பி ஹவுஸ். அதன் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது.

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் காப்பிக்கொட்டையின் விலை வீழ்ந்தது. தென்னாட்டுத் தோட்டக்காரர்கள் தவித்தனர். அயல்நாட்டார் வாங்காவிடில், நம் நாட்டாரையே அருந்தச் செய்வதன்றி வேறு வழி யாது? தென்னாட்டில் காப்பி முன்னமே வேரூன்றியிருந்தது; வடநாட்டிலோ அதன் சுவையை அறிந்தோர் குறைவு. 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பித் தீர்வைக் குழு ஒன்று அமைந்தது. அக்குழு 1936-இல் பம்பாய் நகரில் முதல் காப்பி நிலையத்தைத் திறந்தது. ஆகவே, அது இலாபம் கருதி எழுந்த கடையன்று. காப்பியைப் பழக்குவதற்காக எழுந்த கடை.

பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது, ஏற்றுமதி தடைப்பட்டது. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காப்பி போர்டு இயங்கியது. ‘இந்தியா காப்பி ஹவுஸ்’ என்ற பெயரில் பல நகரங்களில் நிலையங்கள் பெருகின. கல்கத்தாவில் கல்லூரித் தெருவிலுள்ள பழைய ஆல்பர்ட் மண்டபத்திலும் 1942-இல் ஒன்று தோன்றியது. அருகே பல்கலைக்கழகம், சுற்றிலும் புத்தகக் கடைகள். ஒரு கோப்பைக் காப்பியை முன்னே வைத்துக்கொண்டு மாணவரும் எழுத்தாளரும் மணிக்கணக்கில் வாதிட்டனர். காப்பியைப் பரப்ப வந்த இடம் கருத்தைப் பரப்பும் இடமாயிற்று.

இந்நிலையில், 1950-களின் நடுப்பகுதியில், நிலையங்களை மூடிவிடக் காப்பி போர்டு முடிவு செய்தது. காப்பி குடிப்போர் வேறு கடைக்குச் செல்லலாம். அங்கே உழைத்த பணியாளர் எங்கே செல்வர்? வேலை இழந்தால் அவர்தம் குடும்பங்களின் கதி என்ன? அப்போது அவர்களுக்குத் துணை நின்றவர் நாடாளுமன்ற உறுப்பினரும் தொழிலாளர் தலைவருமான ஏ. கே. கோபாலன். “வேலை கொடுங்கள்” என்று கேட்பதோடு நில்லாமல், கடைகளைத் தொழிலாளரே கூட்டுறவு முறையில் ஏற்று நடத்தலாம் என்னும் வழியை அவர் காட்டினார்.

தட்டு ஏந்தியவர் கணக்கு ஏந்த வல்லரோ என்று ஐயுறுவோர் உண்டு. ஆனால் கொட்டையை வறுக்கும் பக்குவமும், வருவோரின் விருப்பமும் அப்பணியாளர் அறியாதவையல்ல. அவர்களிடம் இல்லாதிருந்தது முதல், திறமையன்று. 1957 ஆகஸ்டு 19-இல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 27-இல் புதுதில்லியில் அவர்களது முதல் நிலையம் திறக்கப்பட்டது. 1958 மார்ச்சு 8-இல் கேரளத்தின் திருச்சூரிலும் ஒன்று எழுந்தது. ‘இந்தியா’ என்பது ‘இந்தியன்’ என மாறியது. வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் மாறவில்லை. ஆனால், அத்தலைப்பாகை அணிந்து காப்பி கொணர்ந்தவர் இப்போது அக்கடையின் பங்குடையவர்!

கூட்டுறவு எல்லா இடரையும் தடுத்துவிடவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் தில்லி கன்னாட் பிளேசில் இருந்த நிலையம் இடிக்கப்பட்டது. பின்னர் மோகன் சிங் பிளேசில் அது வாழ்வு பெற்றது. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் நெடுங்காலம் இருந்த நிலையம் 2009-இல் தன் இடத்தை இழந்து சர்ச் தெருவுக்குப் பெயர்ந்தது. இன்று குளிரூட்டிய அறைகளில், தோட்டத்தின் பெயரையும் வறுவலின் பக்குவத்தையும் சொல்லி விற்கும் புதிய கடைகள் இளைஞரைக் கவர்கின்றன. அவற்றின் முன்னே இப்பழைய நிலையங்கள் பல மங்கித் தோன்றலாம்.

எனினும் மாணவர்களே, ஒரு கடையின் மாற்றத்தை நாற்காலியையும் விலையையும் மட்டும் கொண்டு அளவிடாதீர்கள். கோப்பையை நம்முன் வைக்கும் கைக்கு அக்கடையில் என்ன உரிமை உண்டு என்றும் கேளுங்கள். 1957-இல் மாறியது அதுவே.