பெயரில் நின்ற பயிற்சியாளர்
விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர், சென்னை லயோலா கல்லூரியில் பயின்ற ராமநாதன் கிருஷ்ணன் (1954). பட்டியலை வாசிக்கும் அயலார் ‘ராமநாதன்’ என்பதை அவருடைய இயற்பெயராகவே கொள்வர். தமிழ் வழக்கில் அது தந்தையின் பெயர். தாமும் டென்னிஸ் வீரரான டி. கே. ராமநாதனே மகனின் பயிற்சியாளர். அப்பயிற்சியின் விளைவை 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளிலும், இந்திய அணி முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதியை எட்டிய 1966ஆம் ஆண்டிலும் காணலாம்.

பேரன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். 1987இல் டேவிஸ் கோப்பை இறுதியில் ஆடினார். அவரும் பாட்டனாரிடம் பயின்றவரே; ஆயினும் தந்தை பெயர் பின்னொட்டாக மாறிய அப்பெயரில் பாட்டனாருக்கு இடமில்லை.

வெற்றிப் பட்டியல்கள் பயிற்றுவித்தோரைப் பதிவதில்லை. ராமநாதன் அங்கே எஞ்சியிருப்பது தமிழரின் பெயரிடு மரபினால் மட்டுமே. பயிற்சியாளர்களின் வரலாற்றை எழுதுவோர் பட்டியல்களுக்கு வெளியேதான் சான்று தேட வேண்டும்.